ப்ளர் பாய்

"மேல, மேல, இன்னும் கொஞ்சம் மேல லா!" என்று முகம்மது கவுஸ் சொல்லச் சொல்ல, ஆரத்தித் தட்டை ஏந்தியிருக்கும் இரண்டு பெண்களும் தட்டை மெல்லக் கீழே இறக்குகிறார்கள். வலப்பக்கம் ஒதுங்கச் சொன்னால் மாப்பிள்ளைத் தோழன் இடப்பக்கம் ஒதுங்குகிறான். கெடா மாநிலத்துப் பாடாங் செராய் வட்டாரத்தில் ஒரு கல்யாணமாவது பார்த்தவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். வெளியூர்ச் சம்பந்தி வீட்டார்தாம் விவரம் தெரியாமல் சொன்னதைச் சொன்னபடியே செய்துவிட்டு, "சாலா, சாலா" என்று அவரிடம் திட்டு வாங்குவார்கள். தப்பைத் தப்பு என்று தமிழில் சொன்னால் மனம் புண்படும், மலாயில் சொன்னால் படாது என்பது அவருடைய கட்சி.

கவுஸுக்கு ஐம்பத்து மூன்று வயது. கல்யாண வீடியோ எடுப்பது தொழில். கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கும் மோட்டார் சைக்கிள் டயர்க் கடைக்கும் நடுவே, ஆள் ஒருக்களித்து நுழைகிற அகலத்தில் அவர் கடை இருக்கிறது. முன்பக்கம் நல்ல தொப்பை, பின்பக்கம் ஒன்றுமில்லை. "பின்னாலயே நடந்து நடந்து தேஞ்சு போச்சு" என்பாள் மனைவி ஃபரீதா.

அவள் சொல்வது பாதி உண்மை. அவருடைய கேமரா உள்ளங்கை அளவுதான். அதன் முன்னால் மாட்டியிருக்கும் லென்ஸோ அம்மிக்குழவி கனம். சினிமாப் படம் பிடிப்பதற்கென்றே செய்த லென்ஸ். அப்படி மூன்று வைத்திருக்கிறார்: முப்பத்தைந்து, ஐம்பது, எண்பத்தைந்து மில்லிமீட்டர். ஒவ்வொன்றுக்கும் ஒரே பார்வைதான். இழுத்துக் கிட்டே கொண்டுவரும் வித்தை அவற்றுக்குத் தெரியாது. "பாய், ஜூம் எங்க?" என்று கேட்பவர்களுக்குத் தன் முழங்காலைத் தட்டிக் காட்டுவார். "இதான் ஜூம். கிட்ட வேணும்னா கிட்டப் போவேன். தூர வேணும்னா பின்னால வருவேன்." பின்னால் வருவதில்தான் சங்கடம். மூன்று முறை பந்தியில் சாம்பார் வாளிக்குள் கால் விட்டிருக்கிறார். ஒரு முறை நாதஸ்வரக்காரர் மடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போதும் வாசிப்பு நிற்கவில்லை என்பதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

கோலாலம்பூரில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனி இழுத்து மூடியபோது அந்த மூன்றையும் அவர் விலைக்கு வாங்கி வந்தார். பதினேழு வருஷமாக, "கூட்டாளியோடது, பாத்துக்கச் சொல்லிக் குடுத்திருக்கான்" என்றே ஃபரீதாவிடம் சொல்லி வருகிறார். போன நோன்புப் பெருநாளுக்கு அந்தக் கூட்டாளியையும் சாப்பிடக் கூப்பிடுங்கள் என்று அவள் சொன்னபோது, அவனுக்கு உடம்பு சரியில்லை என்று சமாளித்தார். ஃபரீதா விவரம் தெரியாதவள் அல்ல. "பாவம், இந்தப் பதினேழு வருஷத்துல அவருக்கு ஒரு பெருநாளைக்குக்கூட ஒடம்பு நல்லா இருந்ததில்ல" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் பெருநாள் நெருங்கினால் அவளுக்கும் சிரிப்பு வராது. கெடாவின் ஈரக் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று, காற்றுப் புகாத பலகார டப்பாக்களில் மூன்றைக் கவுஸ் எடுத்து லென்ஸ்களுக்குக் கொடுத்துவிட்டார். சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை ஊரெல்லாம் கேட்டு வாங்கி அதற்குள் போடுகிறார். முறுக்கு நமுத்துப்போகிறது, லென்ஸ் மொறுமொறுவென்று இருக்கிறது என்பது ஃபரீதாவின் வருடாந்திரப் புகார்.

பெரிய கேமராவுக்கென்று செய்த லென்ஸ் இந்தச் சின்னக் கேமராவில் தானாக உட்காராது. நடுவில் ஓர் அடாப்டர் வேண்டும்; ஒத்துவராத இரண்டு வீட்டுக்கு நடுவே சம்பந்தம் பேசும் தரகர் மாதிரி. அவரிடம் முதலில் இருந்த அடாப்டர் ஒரு டப்பா. அதற்குள் மங்கலாகத் தேய்த்த ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் அதன்மேல் படத்தை விழவைக்கும், கேமரா அந்தப் படத்தைப் படம் பிடிக்கும். விழுகிற படம் தலைகீழாக விழும். கல்யாணம் முடிந்து வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரில்தான் மணமக்களை நிமிர்த்தி வைக்க வேண்டும். எட்டு வருஷம் கவுஸ் ஊரையே தலைகீழாகப் பார்த்துப் பிழைத்தார். திரையில் மேலே இருந்தது உண்மையில் கீழே, இடது உண்மையில் வலது. வாயும் அப்படியே பழகிவிட்டது.

இப்போதைய அடாப்டர் வெறும் உலோக வளையம். கண்ணாடியே கிடையாது, படமும் நேராக விழுகிறது. நேராகப் பார்த்தால் அவருக்குக் கை ஓடவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கேமராவின் தலையில் இருக்கும் சின்ன மானிட்டரைக் கழற்றி, அதைத் தலைகீழாகத் திருகிவிட்டார். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்வார்.

"நேராப் பாத்தா மூஞ்சிதான் தெரியும். இவரு யாரு, அவரு ஏன் மொறைக்கிறாருன்னு கவலை வந்துரும். தலகீழாப் பாருங்க. மூஞ்சி போயிரும், வெளிச்சம் மட்டும் நிக்கும்."

கல்யாணத்துக்கு முந்தின நாளே தையல் டேப்போடு மண்டபத்துக்குப் போய்விடுவார். அவருடைய லென்ஸில் ஒரு நேரத்தில் ஒரு தூரம்தான் தெளிவாகத் தெரியும். முன்னும் பின்னும் இருப்பதெல்லாம் கரைந்துவிடும். லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தை எவ்வளவு திருப்பினால் எந்தத் தூரம் தெளியும் என்பதை முன்கூட்டியே அளந்து, வளையத்தில் ஒட்டிய வெள்ளை டேப்பில் பென்சிலால் கோடு போட்டு வைப்பார். பொண்ணு, மாப்பிள்ளை, ஐயர், தாலி. கேமராவிலிருந்து மணப்பெண்ணின் மூக்கு நுனிவரை அவர் டேப் பிடிப்பதைப் பார்த்து, ரவிக்கைக்கு அளவெடுக்க வந்தவர் என்று நினைத்த வீடுகளும் உண்டு.

இதில் விழும் படம் அசல் சினிமா மாதிரி இருக்கும். மல்லிகை இதழில் நிற்கும் தண்ணீர்கூடத் தெரியும். ஆனால் கெடாவில் ஒரு கஷ்டம் இருக்கிறது. இங்கே ஒருவரை 'ப்ளர்' என்றால் மங்கலானவர் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒன்றும் புரியாமல் முழிக்கிற மண்டு என்று அர்த்தம். வேலை நேரத்தில் தூங்கி வழிகிறவன் ப்ளர், சீனி போடாத தேநீர் கேட்டால் பால் ஊற்றிக் கொடுப்பவன் ப்ளர். ஆகவே வீடியோவில் ஒருவரை ப்ளராகக் காட்டுவது கவுஸுக்கு அழகு, காட்டப்பட்டவருக்கு வசவு. "எங்க சித்தப்பாவ ப்ளர் ஆக்கிட்டீங்களே" என்று கடைக்கு வந்து சண்டை போட்ட குடும்பங்களை எண்ண ஒரு கை விரல் போதாது. அவருக்கு 'ப்ளர் பாய்' என்ற பெயர் நிலைத்தது இப்படித்தான். அதற்கும் இரண்டு அர்த்தம் உண்டு என்பது அவருக்குத் தெரியும். கோபித்துக்கொள்ள மாட்டார்.

கோபித்துக்கொண்டவர் பக்கிரிசாமி.

கோலா கெத்திலில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர் அவர். அவருடைய தங்கை மருதம்மாள் பாடாங் மேஹாவில் இருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுடைய மூத்த மகளுக்குக் கல்யாணம். பக்கிரிசாமி தாய்மாமன். சீர்த்தட்டு ஏழு, புதுசாகத் தைத்த ரோஸ் நிறப் பட்டுச் சட்டை, இரண்டு கையிலும் தாங்க முடியாத மாலை என்று வந்து இறங்கினார். பெண்ணுக்கு மாலையும் போட்டார். ஒரு மாதம் கழித்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து வீடியோ பார்த்தார்கள். மாலை வந்தது, ஒவ்வொரு பூவும் தெரிந்தது. மாலைக்குப் பின்னால் ரோஸ் நிறத்தில் ஏதோ ஒன்று போய்வந்தது.

"அது என்னா, பலூனா?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள்.

"சும்மா இரு, அது மாமா" என்றார்கள்.

பக்கிரிசாமி எழுந்தார். "மருதம்மா, ஒன் வீட்டுக் கல்யாணத்துல நான் ப்ளரு. நல்லா இருங்க" என்றார். சப்பாத்தைக்கூடச் சரியாகப் போடாமல் வண்டியேறிப் போனார். அன்றோடு தங்கையிடம் பேச்சு நின்றது. மறுவருஷம் மருதம்மாளின் கணவர் சின்னையா இறந்தபோது வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்துவிட்டுத் திரும்பினார். அவர் அன்று உள்ளே வராததை மருதம்மாளால் மறக்க முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. இருந்தும் அண்ணன் வேண்டும் என்பதை மட்டும் விடவும் முடியவில்லை.

இந்த வருஷம் இளையவள் சுபாஷினிக்குக் கல்யாணம் கூடியது. தாயும் மகளும் கவுஸின் கடைக்குள் ஒருக்களித்து நுழைந்து, ஒரே நாற்காலியை மாறி மாறிப் பகிர்ந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார்கள்.

"அண்ணன் வரணும் பாய். இவ அப்பாவும் இல்ல. மாலை போட யாரு இருக்கா? 'அந்த ப்ளர் பாய் வந்தா நான் வரமாட்டேன்'னு ஆள்கிட்டச் சொல்லி அனுப்பிட்டாரு."

"அப்ப வேற ஆளப் பாருங்க தங்கச்சி. நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்" என்றார் கவுஸ். மனதுக்குள் சுருக்கென்றது.

சுபாஷினி குறுக்கிட்டாள். "நீங்கதான் எடுக்கணும் அங்கிள். அக்கா வீடியோல அப்பா ஒரு வாட்டி வர்றாரு இல்ல? தட்டப் புடிச்சுக்கிட்டு, கண்ணு மட்டும் அப்படியே மின்னும். அந்த மாதிரி அப்பா எங்ககிட்ட வேற எந்தப் படத்துலயும் இல்ல. ஃபோன்ல எடுத்ததெல்லாம் ஐசி கார்டு படம் மாதிரி இருக்கு."

அவர்கள் போனபின் கவுஸ் பழைய வீடியோவைத் தேடிப் போட்டுப் பார்த்தார். மாலை போடும் காட்சிதான் அது. மாலைக்குப் பக்கத்தில், அதே தூரத்தில், சீர்த்தட்டின் ஓரத்தைப் பிடித்தபடி ஒரு மனிதர். சன்னல் வெளிச்சம் அவர் கண்ணில் ஈரமாக நிற்கிறது. இரண்டடி பின்னால் ரோஸ் நிறப் பலூன். படம் எடுத்த அன்று இரண்டுமே அவருக்கு யாரென்று தெரியாது. தலைகீழாகத் தொங்கிய ஒரு வெளிச்சத்தைப் பிடித்தார், ஒரு நிறத்தை விட்டார். விட்டது தாய்மாமனை. டேப்பில் பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஐயருக்கும் கோடு போட்டவர், மாமாவுக்கு ஒரு கோடு போடவில்லை. இத்தனை வருஷம் தமிழர் கல்யாணத்தில் சோறு தின்றவன் செய்கிற வேலையா இது என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுநாளே பலகார டப்பாவோடு கோலா கெத்திலுக்குப் போனார். பக்கிரிசாமி வீட்டு முன்னால் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். வந்தவர் யாரென்று தெரிந்தும் தண்ணீர்க் குழாயை அவர் மூடவில்லை.

"என்னா பாய், இந்தப் பக்கம்? வழி தெரியாம ப்ளர் ஆயிட்டீங்களா?"

"ஆமாண்ணே. மூணு வருஷமா ப்ளரு" என்றார் கவுஸ்.

இப்படி ஒரு பதிலைப் பக்கிரிசாமி எதிர்பார்க்கவில்லை. குழாயை மூடினார். கவுஸ் கேமராவை எடுத்து, லென்ஸை மாட்டி, லோரியின் மட்கார்டில் வைத்தார். "இந்த வளையத்தத் திருப்பிப் பாருங்கண்ணே."

"நான் எதுக்குத் திருப்பணும்?" என்று கேட்டுக்கொண்டே பக்கிரிசாமி திருப்பினார். மானிட்டரில் முற்றத்து ரம்புத்தான் மரம் கரைந்தது, கொடியில் காயும் சட்டை தெளிந்தது. இன்னும் திருப்பினார். சட்டை போனது, பக்கத்து வீட்டுச் சேவல் வந்தது. சேவலின் கொண்டையில் உள்ள புள்ளிகூடத் தெரிந்தது. "ஓய்" என்றார். முன்னும் பின்னுமாகப் பத்து நிமிஷம் சேவலை வரவழைப்பதும் அனுப்புவதுமாக இருந்தார். படம் தலைகீழாக இருப்பது அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"ஏன்யா சேவல் தலகீழா நடக்குது?"

கவுஸ் தன் வழக்கமான காரணத்தைச் சொன்னார். மூஞ்சி போயிரும், வெளிச்சம் நிக்கும்.

"அப்ப என் மூஞ்சி போனது இதுலதான்?"

"இதுலதாண்ணே."

"அன்னிக்கு யாரு மூஞ்சியத்தான் கிளியரா எடுத்த?"

கவுஸ் போனை எடுத்து அந்தக் காட்சியைக் காட்டினார். பக்கிரிசாமி சட்டையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். ரோஸ் நிறம் வந்தது, அவர் கண்டுகொள்ளவில்லை. தட்டின் ஓரத்தில் நின்ற சின்னையாவையே பார்த்தார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். "மச்சான்" என்றார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தேவையே இல்லாமல் குழாயைத் திறந்து, கழுவிய டயரையே மறுபடி கழுவினார்.

டயருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "இந்த வாட்டி என் மூஞ்சி கிளியரா வரணும். மூக்கு முடி தெரியணும்."

"தெரியும்ணே."

"அந்த டிவியத் தலகீழா மாட்டக் கூடாது. மனுசன மனுசனாப் பாத்து எடு."

கவுஸ் தலைகீழ் மானிட்டரை ஒரு முறை தடவிப் பார்த்தார். "போலே லா" என்றார், முடியும் என்று. தையல் டேப்பை எடுத்தார். கேமராவிலிருந்து பக்கிரிசாமியின் மூக்குவரை எட்டடி. வளையத்தைத் திருப்பி, பென்சிலை நீட்டினார். மெலிதாக ஒரு கோடு போடவேண்டிய இடத்தில், பக்கிரிசாமி நாக்கைக் கடித்துக்கொண்டு, வளையத்தின் வெள்ளை டேப்பில் பாதியை அடைத்து 'மாமா' என்று எழுதினார்.

கல்யாணத்தன்று பாடாங் செராய் மண்டபத்தில் மானிட்டர் நேராக நின்றது. கவுஸ் திணறிப்போனார். திரை முழுக்க மூஞ்சி. முன்வரிசையில் ஓர் அக்கா முறைப்பது தெரிந்தது. சம்பந்தி கொட்டாவி விடுவது தெரிந்தது. "மேல" என்றார், உண்மையிலேயே மேலே என்ற பொருளில். ஆரத்திப் பெண்கள் வழக்கப்படி கீழே இறக்கினார்கள். "இன்னிக்கு மேலன்னா மேல லா!" என்று கத்தினார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாய்க்கு உடம்பு சரியில்லை என்று மண்டபமெங்கும் பேச்சாகிவிட்டது.

பக்கிரிசாமி வந்தார், அதே ரோஸ் சட்டையில். மருதம்மாள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மணமேடையில் அவருக்கென்று எட்டடியில் கவுஸ் தரையில் டேப்பால் ஒரு குறுக்குக் கோடு ஒட்டியிருந்தார். பக்கிரிசாமி இரண்டு காலையும் அதன்மேல் வைத்து நின்றார். மாலை போடும்போது வளையம் 'மாமா'வில் இருந்தது. அடையாள அட்டைக்கு நிற்கிறவர் மாதிரி விறைப்பாக, கண் சிமிட்டாமல், லென்ஸைப் பார்த்தபடியே பெண்ணுக்கு மாலை போட்டார். மூக்கு முடி தெரிந்தது.

அதன்பிறகு அவர் அந்தக் கோட்டை விட்டு அசையவில்லை. "அண்ணே, வந்து உக்காருங்க" என்று மருதம்மாள் கூப்பிட்டாள். "நகந்தா ப்ளர் ஆயிருவேன், சும்மா இரு" என்றார்.

கெட்டிமேளம் கொட்டியது. கவுஸின் விரல் வளையத்தைப் 'பொண்ணு'வுக்குக் கொண்டுவந்தது. சுபாஷினி குனிந்திருந்தாள், கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறியது. அவள் தோளுக்குப் பின்னால் ரோஸ் நிறத்தில் ஏதோ அசைந்தது. மானிட்டர் தலைகீழாக இருந்திருந்தால் நிறம் என்று விட்டிருப்பார். நேராக இருந்ததால் அது ஓர் ஆள் என்று தெரிந்தது, தோள் குலுங்குவதும் தெரிந்தது. விரல் அவரைக் கேட்காமலே 'மாமா'வுக்குப் போனது.

பக்கிரிசாமி அழுதுகொண்டிருந்தார். மூன்று வருஷத்துக்கும் கேட்டுக்கு வெளியே நின்ற அந்த ஒரு நாளுக்கும் சேர்த்து அழுதார். வாய் கோணி, மூக்கு ஒழுகி, கேட்டபடியே எல்லாம் தெளிவாக இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த கவுஸுக்கும் கண் நிறைந்துவிட்டது.

லென்ஸ் தன்மேல் இருப்பதைப் பக்கிரிசாமி கண்டுகொண்டார். முகத்தை மூடவில்லை, கோட்டை விட்டு நகரவுமில்லை. வலக்கையை நெஞ்சளவுக்கு உயர்த்தி, கட்டைவிரலையும் இரண்டு விரலையும் சேர்த்து, காற்றில் இல்லாத ஒரு வளையத்தை மெல்லத் திருப்பிக் காட்டினார்.

கவுஸும் வளையத்தைப் 'பொண்ணு'வுக்குத் திருப்பினார். மாமா மறுபடி ரோஸ் நிறமாகக் கரைந்தார்.